எண்ணி முடித்துவிட்டு ‘மதிப்பீடு’ எழுதும் பையன்

கேள்வி: நாங்கள் குமுளி பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருவார். பையன் தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு, பாப்பா யு.கே.ஜி. பையனின் கணக்கு நோட்டில் ‘எண்ணாமல் மதிப்பிடு, பிறகு எண்ணிப் பார்’ என்று வீட்டுப்பாடம் வருகிறது. இவன் யாரும் பார்க்காதபோது எண்ணிவிட்டு, அதே எண்ணை இரண்டு இடத்திலும் எழுதுகிறான். எண்ணாமல் சொல்லு என்றால் அழுகிறான். பாப்பாவைக் கேட்டால் எதற்கும் “ஆயிரம்!” என்கிறாள். இவருக்கோ இந்தப் பாடமே பிடிக்கவில்லை. “கணக்குன்னா கணக்கா இருக்கணும், குத்துமதிப்பாப் பழக்கினா புள்ள கெட்டுப்போயிரும்” என்கிறார். (அவர் வண்டியில் டீசல் முள் வேலை செய்து பல மாதம் ஆகிறது, அவர் கணக்கைப் பற்றிப் பேசுகிறார்!) நோட்டில் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை அந்த வகுப்புகளிலும் அடிக்கடி கேட்கிறேன், ஆசிரியர்கள் வாயிலிருந்தே. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் 38+47 என்ற கூட்டலுக்குப் பையன் 715 என்று எழுதியிருக்கிறான். மூன்றும் நாலும் ஏழு, எட்டும் ஏழும் பதினைந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். இரண்டு கூட்டலும் சரி, விடை மட்டும் எழுநூற்றுச் சொச்சம்! அவன் விரல்விட்டு எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. அவனிடம் இல்லாதது ஒரு சின்னச் சந்தேகம்: ‘38 நாற்பதுக்குப் பக்கம், 47 ஐம்பதுக்குப் பக்கம், ரெண்டும் சேர்ந்தா தொண்ணூறைத் தாண்டாதே, எழுநூறு எங்கிருந்து வந்தது?’ இந்தச் சந்தேகம் வரத்தான் மதிப்பிடப் பழக்குகிறோம். ஆக, கணக்கு கணக்காக இருக்க வேண்டும் என்று நினைக்கும் அப்பாதான் குத்துமதிப்பை முதலில் ஆதரிக்க வேண்டும். கால்குலேட்டரில் ஒரு பூஜ்யம் கூடுதலாகத் தட்டிவிட்ட கடைக்காரரின் பில்லை நிறுத்திக் கேட்பவர், தலைக்குள் முன்பே ஒரு தொகை போட்டு வைத்திருப்பவர்தான்.

அந்த டீசல் முள்ளையும் விடுவதாக இல்லை. முள் இல்லாமல் மலை ஏறி இறங்குகிறவர், போட்ட டீசல் எவ்வளவு, ஓடிய தூரம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் பெட்ரோல் பங்க்குக்கு எப்போது போவது என்று முடிவு செய்கிறார். அது நல்ல தரமான மதிப்பீடு. ஒரு நாள் பையனை முன்சீட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். (முள்ளையும் மாற்றச் சொல்லுங்கள், அது வேறு விஷயம்.)

இனி பையன். அவன் திருட்டுத்தனம் செய்வதாக நினைக்காதீர்கள். முதல் படத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு வரியில் மதிப்பீடு 20, எண்ணிக்கை 34, பக்கத்தில் தப்பு என்று பெருக்கல் குறி. அதற்கடுத்து 23–23, 17–17, 31–31, மூன்றுக்கும் டிக். அந்த ஒரு பெருக்கல் குறியிலேயே பையன் விதியைப் புரிந்துகொண்டான்: இரண்டும் ஒன்றாக இருந்தால் டிக். அப்படியென்றால் முதலில் எண்ணிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நானும் அதைத்தான் செய்திருப்பேன். எண்ணாமல் சொல் என்றால் அவனுக்கு அது ‘தப்புப் பண்ணு’ என்று கேட்கிறது. அழாமல் என்ன செய்வான்?

மனிதக் கண்ணுக்கு இதில் எவ்வளவு முடியும் என்று தெரிந்தால் நாமும் அவனிடம் முடியாததைக் கேட்க மாட்டோம். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1871-ல் தன் மீதே ஒரு சோதனை செய்தார். கறுப்பு அவரைக் கொட்டைகளைப் பெட்டிக்குள் வீசிவிட்டு, எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார், ஆயிரம் தடவைக்கு மேல். மூன்றும் நாலும் விழுந்தபோது ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்தில் சறுக்கல் ஆரம்பித்தது. பத்து விழுந்தபோது பாதிக்கு மேல் தப்பு. படித்த பெரிய மனிதருக்கே பத்தில் இந்தக் கதி என்றால், ஏழு வயதுப் பையன் 34-ஐப் பார்த்து 34 என்று சொல்ல வேண்டும் என்பது நியாயமே இல்லை. பல்லாங்குழியில் எங்கள் பக்கம் ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வோம். ஆடுகிறவர்கள் அதை எண்ணுவதில்லை, பார்த்ததுமே கை போய்விடும். ஐந்துக்கு மேல் அப்படி நடக்காது. அங்கிருந்து கண்ணுக்கு ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணை, முன்பே தெரிந்த ஓர் அளவு. உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் இதற்குள் அடங்கும். ஒன்றும் இல்லாமல் ‘எத்தனை இருக்கும்?’ என்று கேட்டால் குழந்தை வாய்க்கு வந்ததைச் சொல்லும். பாப்பாவின் ஆயிரம் அப்படி வந்ததுதான். பக்கத்தில் தெரிந்த பத்து ஒன்று இருந்தால் அதை வைத்து யோசிக்கும்.

வீட்டில் புளி உடைக்கும்போது கொட்டையை எடுத்து வையுங்கள். காப்பிக்கொட்டை இருந்தாலும் சரி. பையனும் நீங்களும் சேர்ந்து பத்துக் கொட்டை எண்ணி ஒரு தட்டில் வையுங்கள். அந்தத் தட்டு கடைசிவரை அங்கேயே, அவன் கண் முன்னால் இருக்க வேண்டும். இன்னொரு தட்டில் முப்பது நாற்பது கொட்டையைப் போட்டு முறத்தால் மூடுங்கள். முறத்தைத் தூக்கி, மூன்று எண்ணுவதற்குள் மறுபடி மூடிவிடுங்கள். அவனுக்கு எண்ண நேரம் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போது ‘எத்தனை?’ என்று கேட்காதீர்கள். “அந்தப் பத்து மாதிரி இதுல எத்தனை பத்து இருக்கும்?” என்று கேளுங்கள். மூணு என்பான், நாலு என்பான். பிறகு இருவருமாகப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுங்கள். எண்ணுவதையும் பத்தாகக் குவித்தே எண்ணுவது முக்கியம், அடுத்த தடவை கண் தேடப்போவது அந்தக் குவியலைத்தான்.

சரி, அவன் ‘முப்பது’ என்று சொல்லி, எண்ணினால் 37 வந்தது. உடனே முகம் சுருங்கும். இதற்கு ஒரே எண்ணைக் கேட்பதையே கொஞ்ச நாள் நிறுத்திவிடுங்கள். “இதுக்குக் கீழே போகவே போகாதுன்னு ஒரு நம்பர் சொல்லு” என்று கேளுங்கள். “இதுக்கு மேலே இருக்கவே இருக்காதுன்னு ஒண்ணு சொல்லு” என்று அடுத்து. இருபதுக்குக் கீழே போகாது, ஐம்பதுக்கு மேலே இருக்காது என்றால், 37 உள்ளேதானே இருக்கிறது! ஜெயித்துவிட்டான். ஆரம்பத்தில் சில பிள்ளைகள் தந்திரமாக ‘ஒன்றிலிருந்து ஆயிரம்’ என்பார்கள். சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருக்கிச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.

பாதியில் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். பத்துக் கொட்டை எண்ணியதும் நிறுத்தி, மிச்சக் குவியலைக் காட்டி, “இப்ப மாத்திக்கிறியா?” என்று கேளுங்கள். பத்து எடுத்தும் குவியல் குறைந்த மாதிரியே தெரியவில்லை என்றால் முதலில் சொன்னது போதாது என்று அவனுக்கே தோன்றும். பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான் மதிப்பிடுகிறோம், வழியில் திருத்திக்கொண்டே போகிறோம். பள்ளிக்கூட நோட்டில் மட்டும்தான் முதலில் சொன்னதிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு நிபந்தனை: முதலில் எழுதியதை அழிக்கக் கூடாது, புதியதைப் பக்கத்தில் எழுத வேண்டும். ரப்பரை ஒளித்து வையுங்கள்.

கண் ஏமாறும் இடங்களையும் வேண்டுமென்றே காட்டுங்கள். இருபது கொட்டையைப் பெரிய தாம்பாளத்தில் பரப்புங்கள், இருபத்தைந்தைச் சின்னக் கிண்ணத்தில் குவியுங்கள். எது அதிகம் என்றால் பல குழந்தைகள் தாம்பாளத்தைக் காட்டும். எண்ணிப் பார்த்ததும் வரும் ஆச்சரியம் வீணாகாது, அடுத்த முறை பரப்பைப் பார்த்து ஏமாறாமல் நெருக்கத்தையும் பார்ப்பார்கள்.

திராட்சையை வைத்து இன்னொன்று செய்யலாம். கம்பம் பன்னீர் திராட்சை உங்கள் ஊர்ச் சந்தைக்கு வராமலா இருக்கும்! ஒரு குலையை எடுத்துக்கொள்ளுங்கள். குலையில் எத்தனை பழம் என்று கேட்டால் திணறுவான். குலையிலிருந்து பிரியும் சின்னக் கொத்து ஒன்றைக் கிள்ளி எடுத்து எண்ணச் சொல்லுங்கள். எட்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதிரிக் கொத்து குலையில் எத்தனை? மேலே இருப்பது பெரிசு, நுனியில் இருப்பது சிறிசு, அதனால் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாமா? இரண்டாம் வகுப்பில் பெருக்கல் சரியாக வராது, எட்டும் எட்டும் பதினாறு என்று கூட்டிக்கொண்டே போகட்டும். அப்புறம் தின்றுகொண்டே எண்ணலாம். இந்தப் பயிற்சியை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

புளியமரத்தை ஏலம் எடுக்கிறவர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பாரே, அதுவும் இதேதான். ஒரு கிளையைக் கண்ணால் அளந்து, மரத்துக்குப் பெருக்கி, காற்றுக்கும் அணிலுக்கும் தள்ளிவிட்டு ஒரு விலை சொல்வார். நளன் கதையில் அயோத்தி மன்னன் இருதுபன்னன் தேரில் இருந்தபடியே தான்றி மரத்தைப் பார்த்துக் காய் இத்தனை என்று சொல்ல, நளன் இறங்கி எண்ணிப் பார்த்தால் அச்சாக அதே எண் வருகிறது. கதையைப் பையனுக்குச் சொல்லுங்கள், பிடிக்கும். ஆனால் அப்படி ஒன்றுகூடப் பிசகாமல் வருவது கதையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். புளி ஏலக்காரருக்கு அப்படி வந்ததில்லை, வராமலே அவர் பிழைக்கிறார்.

எவ்வளவு பிசகினால் பரவாயில்லை என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். பத்து தப்பு என்பது எப்போதும் ஒரே அளவு தப்பு இல்லை. நூறு கொட்டையை 90 என்றால் அருமை. 12 கொட்டையை 22 என்றால் அது ரொம்பத் தூரம். இந்த வயதுக்கு 40 இருக்கும் இடத்தில் 30 முதல் 50 வரை சொன்னால் நான் டிக் போடுவேன். நோட்டில் 34-க்கு 20 என்று எழுதியது உண்மையில் கொஞ்சம் தூரம்தான். ஆனால் அதற்குப் பெருக்கல் குறி மருந்தாகாது, பக்கத்தில் ஒரு பத்தை வைத்திருந்தால் அவனே நெருங்கியிருப்பான். தற்செயலாகச் சரியான எண்ணையே சொல்லிவிட்டால் ‘சூப்பர்!’ என்று கொண்டாட வேண்டாம். “எப்படி யோசிச்ச?” என்று கேளுங்கள், தூரத்தில் சொன்னபோதும் அதே கேள்விதான். ஜாடியில் மிட்டாய் எத்தனை என்று சரியாகச் சொன்னவருக்குப் பரிசு என்ற போட்டிகள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான். அதில் யோசித்தவனைவிட அதிர்ஷ்டம் அடித்தவன் ஜெயிக்கிறான்.

இதுவரை சொன்னது பொருள்களைப் பார்த்து மதிப்பிடுவது. எண்களுக்குள்ளேயே தூரம் தெரிய வேண்டும் என்பது இன்னொரு பாதி. ஐந்தாறு வயதுக் குழந்தையிடம் ஒரு கோடு போட்டு, இந்த முனை 0, அந்த முனை 100, பத்து எங்கே வரும் என்று கேளுங்கள். பலரும் நடுவுக்குப் பக்கத்தில் கை வைப்பார்கள். அவர்களுக்குச் சின்ன எண்களுக்கு நடுவில் நிறைய இடம் இருக்கிறது, பெரிய எண்கள் எல்லாம் ஒரு மூலையில் நெரிகின்றன. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சீக்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் இருபது வருடங்களுக்கு முன்பே இதை விரிவாகச் சோதித்தார்கள். இரண்டாம் வகுப்புக்குள் நூறு வரையிலான கோட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடைவெளி சமமாகிவிடுகிறது, ஆனால் அதே பிள்ளைகள் ஆயிரம் வரையிலான கோட்டில் மறுபடி பழையபடி நெருக்குகிறார்கள். அதில் 150-ன் சரியான இடத்தை ஒரே ஒரு முறை காட்டியதுமே பலர் கோடு முழுவதையும் திருத்திக்கொண்டார்கள் என்பதும் அந்தச் சோதனைகளில் வந்ததுதான்.

உங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடி இருக்குமே. ஒரு முனையில் 0 எழுதிய தாள், மறு முனையில் 100, கிளிப் போட்டு மாட்டுங்கள். நடுவில் எதுவும் வேண்டாம். 50, 8, 92, 27 என்று சீட்டு எழுதிக் கொடுத்து இடம் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். மாட்டியதும், “ஏன் அங்கே?” 92-ஐ நூறின் பக்கம் நின்று பார்த்தானா, பூஜ்யத்திலிருந்து நடந்தானா என்பது அவன் பதிலில் தெரிந்துவிடும். பழகியதும் உங்கள் ஊருக்கே உரிய ஒரு கோடு இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் மழைக்காலத்தில் பேப்பரில் தினமும் வருகிறது. முழு மட்டம் 152 அடி, 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 142 அடி. சுவரில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டு, கீழே 0, மேலே 152. இன்றைக்கு 128 அடியாம், எங்கே வரும்? 142-க்கு இன்னும் எவ்வளவு? நாளைக்கு எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறாய்? மட்டம் கூடணுமா குறையணுமா என்று மலைக்கு இந்தப் பக்கம் கேரளத்திலும் அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் பேசும் பேச்சைப் பெரியவர்களே பேசிக்கொள்ளட்டும், பையனுக்குக் கோடு போதும்.

பாம்பும் ஏணியும் உள்ள நூறு கட்டப் பலகையும் உதவும், ஆடும் விதத்தை மட்டும் மாற்றினால். காய் 26-ல் இருக்கிறது, பகடையில் மூன்று விழுந்தது. பிள்ளைகள் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று நகர்த்துவார்கள். ‘27, 28, 29’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வையுங்கள். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நூறு வரை எண் போட்ட பலகையில் இப்படி ஆடிய குழந்தைகளுக்குத்தான் எண் கோட்டில் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. ஒன்று இரண்டு என்று எண்ணி நகர்த்தியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பாப்பாவின் ஆயிரத்தை நினைத்துக் கவலையே வேண்டாம். அவளுக்கு அது எண் இல்லை, ‘ரொம்ப’ என்பதற்கு இன்னொரு சொல். அளவு பற்றிய உணர்வு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைகளே எட்டுப் புள்ளிக்கும் பதினாறு புள்ளிக்கும் வித்தியாசம் காண்கிறார்கள், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும்தான் அந்த வயதில் காண முடிவதில்லை என்று 2000-ல் ஃபெய் ஷுவும் எலிசபெத் ஸ்பெல்கியும் காட்டினார்கள். பாப்பாவிடம் ‘எத்தனை’ என்று கேட்காமல் ‘எதுல அதிகம்’ என்று கேளுங்கள். முதலில் 5-க்கும் 10-க்கும், பழகப் பழக 7-க்கும் 9-க்கும். ஒரு அட்டையில் நேர்கோடாகப் பத்துக் கட்டம் வரைந்து 1 முதல் 10 வரை எழுதி, ஒன்று அல்லது இரண்டு கட்டம் நகரும் விளையாட்டு ஒன்றும் செய்து கொடுங்கள். கீதா ரமணியும் சீக்லரும் 2008-ல் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுடன் இந்த மாதிரிப் பலகையை வைத்து ஆடினார்கள். கால் மணி நேரம் வீதம் நாலே முறை. எண் பற்றிய அவர்களின் அறிவு தெளிவாகக் கூடியது, ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் குறையவில்லை. எண் இல்லாமல் நிறம் மட்டும் போட்ட பலகையில் ஆடிய குழந்தைகளிடம் அது இல்லை.

இரண்டு பிள்ளைகளில் யாருக்காவது எட்டு வயது ஆகியும் மூன்று கொட்டையை எண்ணாமல் அறிய முடியவில்லை, 6-ல் 9-ல் எது பெரிசு என்று தடுமாறுகிறது என்றால், அப்போது பி.ஆர்.சி.யில் (வட்டார வள மையத்தில்) இருக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம், அதாவது சிறப்பாசிரியரிடம், காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய நோட்டைப் பார்த்தால் உங்கள் பையனுக்கு அது தேவைப்படாது.

கடைசியாக, டீச்சர். கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கூட்டம்) வரும்வரை காத்திருந்து, தனியாகப் பேசுங்கள். வகுப்பில் நிறைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு நோட்டுத் திருத்துகிறவரிடம் ‘நீங்க போட்ட மார்க் தப்பு’ என்று ஆரம்பித்தால் பேச்சு நகராது. போவதற்கு முன் வீட்டில் ஒரு நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி வரும்படி கோடு போடுங்கள்: முதல் மதிப்பீடு, பத்து எண்ணிய பிறகு மதிப்பீடு, எண்ணிக்கை. பையனே ஒரு பக்கம் நிரப்பட்டும், அழிக்காமல். அதைக் காட்டி, “இப்படி எழுதினா ஏத்துக்குவீங்களா டீச்சர், பக்கத்துல வந்தா டிக் போடுவீங்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். மாட்டேன் என்றால் பள்ளி நோட்டில் அவன் இஷ்டப்படி எண்ணியே எழுதட்டும், வீட்டு நோட்டு தனியாகத் தொடரட்டும்.